‘எதிர்நீச்சல்’ எப்போது கரை சேரும்?

2024 ஜூன் 8ஆம் தேதி ‘எதிர்நீச்சல்’ முடிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் திரும்பி வந்துவிட்டது. இடைவெளி ஆறரை மாதம்தான். அது திரும்பி வருகிறது என்ற செய்தி வந்த அன்று எங்கள் விடுதியின் புலனக் குழுவில் கேலிப் படங்கள் குவிந்தன. ‘நாங்கள் எல்லாம் சீரியல் பார்ப்பதில்லை’ என்று சொல்லிக்கொள்ளும் குழு அது. ஆனால் குணசேகரன் யார் என்று அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேட்கவும் தேவையில்லை. பாட்டியும் அம்மாவும் பார்க்கிறார்கள். நாம் அதே வரவேற்பறையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்தபடி காதால் கேட்கிறோம். எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்த இரவுகளில் எனக்கு வேதியியல் சமன்பாடுகளோடு சேர்ந்து மனப்பாடம் ஆனது குணசேகரனின் அதட்டல்தான். ஆகவே இந்த நாடகம் இன்னும் எத்தனை காலம் ஓடும், ஓடினால் எப்படி ஓடும் என்ற கேள்வி பாட்டிமார்களுக்கு மட்டும் உரியது என்று நான் நினைக்கவில்லை.

உண்மையிலேயே தெரியாதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். மதுரையில் ஒரு பெரிய வீடு. மூத்த அண்ணன் ஆதி குணசேகரன் வைத்ததே சட்டம். தம்பிகள் மூவர். அந்த வீட்டு மருமகள்கள் ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, கடைசியாக வந்த ஜனனி. படித்த பெண்களைத் தேடிப் பிடித்து மருமகளாக்குவார்கள், பிறகு அந்தப் படிப்பைச் சமையலறையில் பூட்டி வைப்பார்கள். ஜனனி அந்தப் பூட்டைத் திறக்கப் பார்க்கிறாள், மற்ற மூவரும் மெல்ல மெல்ல அவளோடு சேர்கிறார்கள். 2022 பிப்ரவரியில் தொடங்கிய நாடகம் முதல் பாகத்தில் மட்டும் எழுநூறு அத்தியாயங்களைத் தாண்டியது. இயக்குநர் திருச்செல்வம்.

அந்தப் பெயர் என் அம்மாவுக்கு வேறொரு நாடகத்தை நினைவூட்டும். 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பர் வரை 1,533 அத்தியாயங்கள் ஓடிய ‘கோலங்கள்’. அதை இயக்கியவரும் திருச்செல்வம்தான்; தொல்காப்பியனாக நடித்தவரும் அவரே. தேவயானி நடித்த அபி சொந்தமாகத் தொழில் செய்து நிற்கும் பெண். நான் தவழ்ந்த காலத்தில் அம்மா அபிக்காக அழுதிருக்கிறார். நான் பல்கலைக்கழகம் போன காலத்தில் ஜனனிக்காகக் கோபப்படுகிறார். இரண்டுக்கும் நடுவில் இருபது ஆண்டுகள். நம் நாட்டு அரசு பல்கலைக்கழகங்களில் மாணவர்களைவிட மாணவிகள் அதிகம் என்ற நிலை வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. சின்னத்திரையில் மட்டும் பெண் இன்னும் வாசற்படியில் நிற்கிறாள்.

இந்த நாடகத்தின் எதிர்காலம் முதன்முதலில் கேள்விக்குள்ளான நாள் 2023 செப்டம்பர் 8. குணசேகரனாக நடித்த மாரிமுத்து, சென்னையில் இதே தொடருக்காகக் குரல் பதிவு செய்துகொண்டிருந்தபோது நெஞ்சுவலி ஏற்பட்டு இறந்தார். அவர் நடித்த ‘ஜெயிலர்’ திரைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ ஆகிய படங்களை இயக்கியவர் அவர். அந்தப் படங்களால் கிடைக்காத புகழ் ஒரு வில்லன் வேடத்தால் கிடைத்தது. அந்த வில்லனை நாம் வெறுத்தோமா ரசித்தோமா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் வகுப்பு மாணவர்கள் அவர் குரலில் பேசிக்காட்டித்தான் சிரிக்க வைப்பார்கள். பெண்களை அடக்க எழுதப்பட்ட வசனங்கள் எப்படி நகைச்சுவையாக மாறின என்று யாராவது தனியாக ஆராய வேண்டும்.

தினசரித் தொடருக்கு மரணம்கூட ஒரு கால அட்டவணைப் பிரச்சினைதான். கையிருப்பில் சில நாட்களுக்கான அத்தியாயங்களே இருக்கும். அவை தீர்ந்ததும் குணசேகரன் வீட்டை விட்டுக் காணாமல் போனதாகக் கதையைத் திருப்பினார்கள். சில வாரங்கள் கழித்து ‘குற்றப்பரம்பரை’ நாவலை எழுதிய வேல ராமமூர்த்தி அதே பாத்திரத்தில் வந்து உட்கார்ந்தார். முகமும் குரலும் வேறு, நாற்காலி மட்டும் அதேதான். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரிலும் இப்படி நடந்தது. 2020 டிசம்பரில் சித்ரா மறைந்த பிறகு முல்லை பாத்திரத்துக்கு வேறொருவர் வந்தார். அந்தத் தொடரின் முதல் கதை 2023இல் முடிந்ததும், அதே பெயரில் இன்னொரு குடும்பத்தின் கதை தொடங்கியது. ‘எதிர்நீச்சல்’ இரண்டாம் பாகத்திலும் ஜனனியாக நடிப்பவர் மாறிவிட்டார். மதுமிதாவின் இடத்தில் இப்போது பார்வதி.

நடிகர் போகலாம், கதைகூடப் போகலாம், பெயர் மட்டும் போகாது என்பதே இன்றைய நிலை. பழகிய பெயரைப் பார்த்தால் பார்வையாளர் நின்று பார்ப்பார் என்ற நம்பிக்கை.

சரி, ஒரு நாடகம் நிற்க வேண்டுமா, ஓட வேண்டுமா என்று யார் தீர்மானிக்கிறார்கள்? புள்ளியியல் படிக்கும் மாணவி என்ற முறையில் இந்த இடத்தில்தான் எனக்கு ஆர்வம் கூடுகிறது. இந்தியாவில் தொலைக்காட்சிப் பார்வையாளர்களை அளப்பது ‘பார்க்’ என்ற அமைப்பு. நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில் கருவி பொருத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சியின் ஒலியிலும் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்திருக்கும். கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார் என்பதை அவரவருக்குரிய பொத்தான் சொல்லும். வாரந்தோறும் வியாழக்கிழமை எண்கள் வெளியாகும். அந்த எண்களை வைத்துத்தான் விளம்பர விலை பேசப்படுகிறது, நாடகத்தின் நேரம் மாற்றப்படுகிறது, ஆயுள் கணிக்கப்படுகிறது.

மாதிரிக் கணக்கெடுப்பு தவறான முறை அல்ல. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டிலேயே செய்வதுதான். சென்னையில் ஒரு பாட்டியின் வீட்டில் கருவி இல்லாவிட்டாலும் அவரைப் போன்ற இன்னொரு பாட்டியின் வீட்டில் இருக்கும். அவர் பார்ப்பது இவருக்கும் சேர்த்துக் கணக்காகும். ஆனால் என் பாட்டி கிள்ளானில் இருக்கிறார். அவர் இருப்பது வேறு பானை. இங்குள்ள பார்வையாளர்களை அளக்க இங்கே தனி ஏற்பாடு இருக்கலாம், ஆனால் இந்தியாவில் வியாழக்கிழமை வெளியாகும் அந்த எண்ணில் கிள்ளானும் பிரிக்பீல்ட்ஸும் ஈப்போவும் பினாங்கும் கிடையாது. மாதச் சந்தா கட்டிப் பார்க்கிறோம், அழுகிறோம், திட்டுகிறோம். கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் நம் பங்கு சுழியம்.

வெளிநாட்டுப் பார்வையாளர் என்றாலே இப்படித்தானா? இல்லை. ஆஸ்திரேலியாவின் ‘நெய்பர்ஸ்’ நாடகம் 1985இல் தொடங்கியது. ஒரு கட்டத்தில் அதைச் சொந்த நாட்டைவிட பிரிட்டனில்தான் அதிகமாகக் கொண்டாடினார்கள். தயாரிப்புச் செலவின் பெரும்பகுதியும் பிரிட்டனின் சேனல் 5 தந்த பணத்திலிருந்தே வந்தது. அது விலகிக்கொண்டதும் 2022 ஜூலையில் நாடகம் நின்றது. அமேசான் கைகொடுத்ததால் 2023இல் உயிர்த்தெழுந்தது. 2025 பிப்ரவரியில், அந்த ஆண்டு இறுதியோடு மறுபடியும் முடிகிறது என்று அறிவித்தார்கள். கடல் கடந்த பார்வையாளர்களால் ஒரு நாடகத்தை வாழ வைக்கவும் முடியும், நிறுத்தவும் முடியும் என்பதற்கு அது சாட்சி. பிரிட்டிஷ் பார்வையாளர் கணக்கில் இருந்தார். நாம் இல்லை.

கணக்கில் இல்லாதவருக்கு என்ன நடக்கும் என்பதைக் கொரோனா காட்டியது. நம் நாட்டில் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதே மாதம் தமிழ்நாட்டிலும் படப்பிடிப்புகள் நின்றன. ‘மெட்டி ஒலி’ போன்ற பழைய தொடர்கள் மீண்டும் ஒளியேறின. சில மாதங்கள் கழித்துப் படப்பிடிப்பு தொடங்கியபோது எல்லாத் தொடர்களும் திரும்பி வரவில்லை. ரேவதி நடித்த ‘அழகு’ அப்படி நடுவழியில் நின்ற ஒன்று. 2017 முதல் பார்த்துவந்த கதைக்கு முடிவே இல்லை. ஊரடங்கின் நெருக்கடி புரிகிறது, யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனாலும் என் பாட்டி இன்றுகூடச் சில சமயம் கேட்பார்: “அந்த அழகம்மா குடும்பம் கடசியா என்னாச்சு பாப்பா? நெட்டுல பாத்துச் சொல்லேன்.” எந்த வலைத்தளத்தில் தேடுவது? எழுதப்படாத முடிவை எங்கே போய்க் கண்டுபிடிப்பது?

முடிவில்லாமல் இழுப்பது தமிழ் நாடகங்களின் குற்றம் மட்டும் அல்ல, இந்த வடிவம் பிறந்ததே அப்படித்தான். 1930களில் அமெரிக்க வானொலியில், பகல் நேரத்தில் வீட்டுப் பெண்கள் கேட்பதற்காகத் தொடர் நாடகங்கள் வந்தன. பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சவர்க்கார நிறுவனங்கள் பணம் போட்டன. ‘சோப் ஓபரா’ என்ற பெயர் அப்படி வந்ததுதான். நாளைக்கும் சவர்க்காரம் விற்க வேண்டும் என்றால் கதை நாளைக்கும் இருக்க வேண்டும். ‘கைடிங் லைட்’ என்ற தொடர் 1937இல் வானொலியில் தொடங்கி, 1952இல் தொலைக்காட்சிக்கு மாறி, 2009 செப்டம்பர் 18இல்தான் நின்றது. எழுபத்திரண்டு ஆண்டுகள்! பாட்டி கேட்கத் தொடங்கிய கதையைப் பேத்தி பார்த்து முடித்திருப்பாள். அதன் எதிரில் 2,300 அத்தியாயங்களைத் தாண்டிய நம் ‘சந்திரலேகா’ சின்னப் பிள்ளைதான்.

அன்றாடம் ஒளியேறும் கதை மெதுவாக நகர்வதற்கும் காரணம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் ஓர் அக்கா, கைப்பேசியைப் பூக்கூடையில் சாய்த்து வைத்துக்கொண்டே சரம் தொடுப்பார். கண் ஊசியில், காது நாடகத்தில். வாடிக்கையாளர் வந்தால் அதுவும் போய்விடும். “ரெண்டு நாள் பாக்காட்டியும் பரவால்ல தங்கச்சி, புரிஞ்சிரும்” என்றார். ஓர் அறை விழுந்தால் ஆறு பேர் முகத்தை மும்மூன்று முறை காட்டுவதை நாம் கிண்டல் செய்கிறோம். வேலை செய்துகொண்டே பார்க்கும் ஒருவருக்காக அளந்து தைத்த சட்டை அது. வகுப்பில் உட்கார்ந்து குறை சொல்லும் நமக்காகத் தைத்தது அல்ல.

மெதுவாகப் போவதில் எனக்குக் குறையில்லை. என் குறை வேறு. ‘எதிர்நீச்சல்’ சொல்லும் செய்திக்கும் அது ஓடும் முறைக்கும் நடுவில் ஒரு முரண் இருக்கிறது. பெண்கள் அந்த வீட்டுப் பிடியிலிருந்து வெளியே வர வேண்டும் என்பது கதை. அவர்கள் வெளியே வந்துவிட்டால் கதை முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஓர் அடி முன்னே வைத்து இரண்டு அடி பின்னே இழுக்கப்படுகிறார்கள். ஒருத்திக்கு வேலை கிடைக்கும், போய்விடும். ஆதிரைக்குப் பிடித்தவனோடு கல்யாணம் கைகூடும்போலத் தோன்றும், நடக்காது. முதல் பாகத்தை அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று அப்போது பலரும் வருந்தினார்கள். எனக்கு என்னவோ அதுவாவது ஒரு முடிவாக இருந்தது. இரண்டாம் பாகத்தில் அதிகாரம் மறுபடியும் குணசேகரனிடம். நதியில் இறங்கியவர்களைக் கரையேற விடாமல் ஆற்றை நீட்டிக்கொண்டே போகிறார்கள்.

இதைச் சொன்னபோது, ஊடகத்துறை படிக்கும் என் தோழி மறுத்தாள். “வாழ்க்கையில மட்டும் என்ன, ஒரு நாள்ல விடிஞ்சிடுதா? ஆணாதிக்கம் ஒரு எபிசோட்ல முடியுற விஷயமா?” என்றாள். நியாயமான வாதம்தான். நீண்ட தொடரால் மட்டுமே காட்டக்கூடிய ஒன்று இருக்கிறது: மனம் மாற எவ்வளவு காலம் எடுக்கிறது என்பது. ஈஸ்வரி தன் கணவனை எதிர்த்து நிமிர்ந்து பேசிய இடம் அத்தனை வலுவாக இருந்ததற்குக் காரணம், அதற்கு முன் நாம் அவளை நூற்றுக்கணக்கான நாட்கள் தலைகுனிந்து பார்த்திருந்தோம். இரண்டரை மணி நேரத் திரைப்படத்தில் அந்தக் கனம் வராது.

ஆனால் என் பாட்டியின் கருத்து தோழியின் கட்சியில் சேராது. பாட்டி காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். நான்காம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டவர். பிறகு பால்மரம் வெட்டப் போனவர். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்த பின்பு, ஷா ஆலாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறார். மாமனார் கூடாது என்றார். “ஒரு நாள் ராத்திரி சொன்னேன், மறுநா காலைல தொழிற்சால பஸ்ஸுல ஏறிட்டேன். ஒரு மாசம் எங்கிட்டப் பேசல மனுசன். சம்பளம் கொண்டாந்து குடுத்த அன்னிக்குப் பேசுனாரு.” இதைச் சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியைக் காட்டிக் கேட்டார்: “இங்க படிச்ச பொம்பளைங்க நாலு பேரு இருக்காளுங்க. ஒரு கதவத் தொறந்துகிட்டு வெளிய வர இத்தன வருசமா?”

நான்காம் வகுப்பு படித்தவர் ஒரே இரவில் செய்ததை, பட்டம் பெற்ற நால்வர் ஆயிரம் இரவுகளாகச் செய்ய முடியாமல் இருப்பதாகக் காட்டுவது எந்த வகையில் யதார்த்தம்? இப்படிப்பட்ட பாட்டிகள் கிள்ளானில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஜாலான் தெங்கு கிளானாவில் சேலைக் கடை நடத்துபவரும், தனியாக நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும், மூட்டுவலியோடு கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயில் ஏறுபவரும் இரவில் உட்கார்ந்து பார்ப்பது தங்களைவிடப் பலவீனமான பெண்களின் கதையை. அந்தத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிய பெண்ணின் கதை எந்த வியாழக்கிழமைப் பட்டியலிலும் வரப்போவதில்லை. அதை மதுரை வீட்டில் நுழைக்கவும் முடியாது.

அப்படியானால் நம் ஊரிலேயே எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கிறார்கள். அஸ்ட்ரோவிலும் ஆர்டிஎம்மிலும் உள்ளூர்த் தமிழ் நாடகங்கள் வருகின்றன. பெரும்பாலும் குறிப்பிட்ட அத்தியாயங்களோடு முடிந்துவிடும் தொடர்கள் அவை. ஆண்டுக்கணக்கில் தினமும் ஒரு நாடகத்தை ஓட்டுவதற்கான சந்தையும் விளம்பரமும் இங்குள்ள தமிழர் எண்ணிக்கையைக் கொண்டு கிடைப்பது கடினம். இதை நெடுநாளாக நாம் ஒரு குறையாகவே பேசிவருகிறோம். எனக்கு அது வசதியாகவே தோன்றுகிறது. இருபது, முப்பது அத்தியாயம்தான் என்று முதலிலேயே தெரிந்தால், முடிவை எழுதியே ஆக வேண்டும். பெண் கதவைத் திறப்பாளா மாட்டாளா என்று எழுத்தாளர் ஒரு நாள் சொல்லித்தான் தீர வேண்டும்.

‘எதிர்நீச்சல்’ இன்னும் பல காலம் ஓடலாம். எண்கள் சரிந்தால் அடுத்த மாதமே அவசரமாக முடியலாம், மூன்றாம் பாகம் என்றுகூட வரலாம். என் தலைமுறைக்கு முழு அத்தியாயம் தேவைப்படாது. முன்னோட்டத் துண்டுகளையும் கேலிப் படங்களையும் வைத்தே கதையைப் பின்தொடர்வோம். நாம் பார்க்கும் அந்தத் துண்டுகளில் குணசேகரன்தான் கதாநாயகன் என்பது மட்டும் கொஞ்சம் நெருடுகிறது.

என் தோழி இப்போது ஒரு நாடகம் எழுதிக்கொண்டிருக்கிறாள். பதின்மூன்று அத்தியாயம். 1980களின் கிள்ளான், ஒரு தொழிற்சாலைப் பேருந்து, அதில் ஏறும் ஒரு மருமகள். பாட்டியிடம் இரண்டு முறை வந்து குறிப்பெடுத்துப் போனாள். பேருந்து என்ன நிறம், சீருடை எப்படி இருக்கும், இரவு வேலைக்கு எவ்வளவு கூடுதலாகத் தருவார்கள் என்று எல்லாம் கேட்டாள். கடைசி அத்தியாயத்தை முதலில் எழுதி முடித்துவிட்டாள். இரண்டாவது அத்தியாயத்தில் மாமனாரை என்ன செய்வது என்றுதான் இன்னும் தெரியவில்லையாம்.